கிரான்பர்னில் வாங்கிய கார் கிரவீன் வந்து சேர்ந்த விதம்

சனிக்கிழமை, காலை 6.40

சிட்னியிலிருந்து மெல்பேணுக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். அதே தூரத்தைத் தரையால் திரும்பி வர எங்களுக்கு ஒன்றரை நாள் பிடித்தது. போகும்போது கையில் இருந்தது ஒரு சிறிய பை மட்டும். அதற்குள் மாற்று உடுப்பு, என் மனைவி வசந்தியின் குங்குமச் சிமிழ், வங்கிக் காசோலை. வரும்போது பதினைந்து வயதான ஒரு ஜேர்மன் கார் எங்களோடு வர வேண்டும். தென்கிழக்கு மெல்பேணில் கிரான்பர்ன் என்னும் இடத்தில் சிவபாலன் என்ற ஊர்க்காரர் அதை விற்பதாக அறிவித்திருந்தார். விலை ஒன்பதாயிரத்து ஐந்நூறு டொலர். புதிதாக வந்தபோது அதன் விலைக்கு அந்த நாளில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு முற்பணம் கட்டியிருக்கலாம்.

எனக்கு இந்தக் கார்தான் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பதினான்கு வருடங்களுக்கு முன் நான் அகதியாக வந்து, சிட்னியின் வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினொரு மாதம் இருந்தேன். விட்ட அன்று என்னை ஏற்றிப்போக, எங்கள் சனத்துக்கு உதவும் ஓர் அங்கிள் வந்தார். அவர் வந்தது இதே வகைக் காரில், இதே சாம்பல் நிறத்தில். அவுஸ்திரேலியாவில் நான் முதன்முதலாக ஏறிய தனியார் கார் அதுதான். வசந்தி அதற்கு நாலு வருடம் கழித்து வந்தவள். கதை அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்த ஒரு கதைக்காக ஒன்பதாயிரத்து ஐந்நூறு டொலர் கொடுப்பது அவளுக்குச் சம்மதமில்லை.

விமானத்தில் இருக்கைப் பட்டியை மாட்டிக்கொண்டே தன் நிபந்தனையை மறுபடி சொன்னாள்.

"உங்கட கார் தன்ர சில்லில உருண்டு எங்கட வாசலுக்கு வரவேணும். லொறியில ஏத்திக்கொண்டு வந்தியளெண்டால் வாற கிழமையே வித்துப்போட வேணும். பிறகு கதையில்லை."

"ஓம்" என்றேன்.

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

நான் ஒன்பது வருடமாக பஸ் ஓடுகிறவன். பஸ் ஓடத் தெரிந்தவனுக்குக் கார் பார்க்கத் தெரியும் என்று சனம் நம்புகிறது. நானும் நம்பினேன். உண்மையில் பஸ் பழுதானால் நாங்கள் செய்வது டிப்போவுக்கு அறிவித்துவிட்டுச் சனத்தை இறக்கி நிழலில் நிறுத்துவது. அதற்கு மேல் எனக்கு இயந்திர ஞானம் கிடையாது.

காலை 8.20, மெல்பேண் விமான நிலையம்

பழைய கார் வாங்குபவன் குளிர்ந்த இயந்திரத்தைத் தன் கையால் முடுக்கிப் பார்க்க வேண்டும் என்பது பால பாடம். அந்தப் பாடம் விமான நிலைய வாசலிலேயே தவறிப்போனது. சிவபாலன் அண்ணை அந்தக் காரிலேயே எழுபத்தைந்து கிலோமீற்றர் ஓடி எங்களை ஏற்ற வந்துவிட்டார்.

"டக்ஸிக்கு ஏன் காசைக் குடுக்கிறியள் தம்பி? எங்கட ஆக்கள் வரேக்க நான் வராமல் விடுவனே?"

கார் அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அதைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தரம் சுற்றி வந்தேன். வசந்தி பின்னிருக்கையில் ஏறி, தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாட்டுத்தோல்தானே" என்றாள்.

காலை 10.00, கிரான்பர்ன்

கிரான்பர்ன் புதிதாக முளைத்த வீடுகளின் ஊர். மரங்கள் இன்னும் கம்பில் கட்டி நிற்கின்றன. சிவபாலன் அண்ணை வீட்டில் முதல் அரை மணித்தியாலம் ஊர் விசாரணையில் போனது. என் மாமன் ஒருவரும் அவருடைய தமையனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இருந்தார்கள் என்று தெரியவந்தது. அதோடு கார் பார்க்கும் வேலை முடிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

பிறகு இடியப்பம், சொதி, சம்பல், கத்தரிக்காய்ப் பொரியல். அவருடைய மனைவி குசினிக்கும் மேசைக்கும் நடந்து நடந்து பரிமாறினார். மூன்றாவது தடவை சொதி விழும்போது சிவபாலன் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"தம்பி, காரைப் பற்றி ஒரு விஷயம்..."

நான் கையை உயர்த்தினேன். "அண்ணை, உங்களை நம்பித்தான் வந்தனாங்கள். அதுக்கு மேல என்ன கிடக்கு?"

அவர் வசந்தியைப் பார்த்தார். வசந்தி என்னைப் பார்த்தாள். ஒருவர் வீட்டு இடியப்பத்தைத் தின்றுவிட்டு, கழுவாத கையோடு சேவிஸ் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? வெள்ளைக்காரனிடம் வாங்கியிருந்தால் காருக்கடியில் படுத்தே பார்த்திருப்பேன். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய மாட்டையும் பார்க்கவில்லை. அண்ணை காசோலையை வாங்கிக்கொண்டு, றோட்டில் ஓடத் தகுதிச் சான்றிதழ் ஒன்று தந்தார். அது பிரேக், ரயர், விளக்கு எல்லாம் சரி என்று சொல்லும். இயந்திரத்தின் குடல் பற்றி ஒன்றும் சொல்லாது.

புறப்படும்போது ஐந்து லீற்றர் பிடிக்கும் இரண்டு தண்ணீர்க் கலன்களைப் பின்பெட்டியில் ஏற்றினார். "வழிக்குத் தேவைப்படும்" என்றார். மனிதருக்கு எங்கள் மேல் எவ்வளவு கரிசனை என்று நினைத்தேன்.

காலை 11.30, கோயில்

சிவபாலன் அண்ணை சொன்ன கோயிலுக்குப் போனோம். வாகன பூசை. நான்கு சில்லுக்கும் நான்கு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய், கற்பூரம். ஐயர் இயந்திரத்தின் முன்மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுத் தட்டை வசந்தியிடம் கொடுத்தார். தட்டில் சந்தனம் மிஞ்சியிருந்தது.

காரின் முன்பக்கப் பம்பரில் ஆறு சின்ன வட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்துச் சத நாணயம் அளவு. பொட்டு வைப்பதற்கென்றே யாரோ செய்தது மாதிரித்தான் தெரியும். வசந்தி ஆறிலும் தடிப்பாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் தொட்டாள். இந்தக் காரை விரும்பாதவள் இவ்வளவு பக்தியாகச் செய்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எலுமிச்சம்பழங்களை நசித்துக்கொண்டு கார் உருண்டது.

கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் கார் கத்தத் தொடங்கியது. பீப், பீப் என்று விடாத ஓசை. திரையில் கார்ப் படத்தின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. எதிரே ஒன்றுமில்லை, வெறும் றோட்டு. வேகம் கூடியதும் நின்றது. அடுத்த சிக்னலில் மறுபடி தொடங்கியது.

"உங்கட கார் இப்பவே அழுகுது" என்றாள் வசந்தி.

மின்சாரக் கோளாறு என்று முடிவு கட்டினேன். இந்த வகைக் கார்களில் மின்சாரக் கோளாறு பிடித்தால் வீட்டை விற்றுத்தான் திருத்த வேண்டும் என்று இணையத்தில் படித்திருந்தேன். மெல்பேண் நகரைத் தாண்டும்வரை நாற்பது சிக்னலாவது இருக்கும். நாற்பதிலும் அழுதது.

பிற்பகல் 3.10, யுரோவா

மெல்பேணிலிருந்து வடக்கே நூற்றைம்பது கிலோமீற்றர். நெடுஞ்சாலையில் கார் ஓடுகிற விதத்தை நான் சொல்லியாக வேண்டும். நூற்றுப்பத்தில் போகும்போது உள்ளே மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. இரு பக்கமும் காய்ந்த மஞ்சள் புல்வெளி, ஆங்காங்கே யூகலிப்டஸ் மரங்களின் நிழலில் ஒதுங்கிய மாடுகள். வெளியே வெயில் முப்பத்தாறு பாகை.

இளைப்பாறும் இடத்தில் வசந்தி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். பிறகு அது ஏறவில்லை. நான் கண்ணாடி ஏற்றும் சுவிச்சை அழுத்த, அவள் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அமத்தி மேலே இழுக்க, ஒரு மாதிரி மூடியது. கண்ணாடி தூக்கும் பல்லு தேய்ந்திருக்கிறது. இந்த வயதுக் கார்களில் இது சாதாரணம், கண்ணாடியைத் தொடாமல் விட்டால் போதும். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்டவனின் கதையை வசந்தி சொன்னாள். கேட்டுக்கொண்டு, சிவபாலன் அண்ணை தந்த கலனிலிருந்து ஆளுக்கு இரண்டு குவளை தண்ணீர் குடித்தோம்.

மாலை 5.20க்கு அல்பரி. இரண்டு மாநிலங்களின் எல்லையில் ஆற்றங்கரை நகரம். மோட்டலில் ஓர் அறை நூற்று அறுபத்தைந்து டொலர்.

ஞாயிறு, காலை 7.00, அல்பரி

கதவைத் திறந்து பார்த்தால் கார் முன்னங்காலை மடித்துப் படுக்கப்போகிற மாடு மாதிரி நின்றது. இடது முன்பக்கம் சில்லின் மேல் இறங்கிவிட்டது.

வசந்தி பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, "லொறிக்குப் போன் அடிக்கட்டே?" என்று கேட்டாள். குரலில் சந்தோஷம் இருந்ததை அவளே மறுக்கமாட்டாள்.

மோட்டல்காரி ஒரு நடமாடும் மெக்கானிக்கின் இலக்கத்தைத் தந்தாள். எட்டரைக்கு ஒரு வெள்ளை வான் வந்தது. இறங்கியவர் பெயர் ஜாகிர், வயது நாற்பதுக்குள், சொந்த ஊர் கீழக்கரை. எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"தமிழா? வாங்கண்ணே. இந்த ஊர்ல வண்டி பார்த்துக்கிட்டே தமிழ் பேசி ரொம்ப நாளாச்சு."

ஜாகிர் காரை முடுக்கச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் இடது பக்கம் தானாக எழுந்து நின்றது. "ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பைண்ணே. லேசாக் கசியுது. ராத்திரி நின்னா இறங்கும், ஓடும்போது பம்பு நிரப்பிரும். சிட்னி போனதும் மாத்திருங்க. விட்டீங்கன்னா பம்பும் சேர்ந்து போயிரும்."

"அது சரி தம்பி, இந்த அழுகை?" நான் காரை இரண்டடி முன்னே உருட்டிக் காட்டினேன். பீப், பீப்.

ஜாகிர் முன்பக்கம் போய்க் குந்தினார். ஆறு வட்டங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது.

"அண்ணே, பொட்டு வச்சது யாரு?"

வசந்தி துவாயோடு அப்படியே நின்றாள்.

"அக்கா, இது வண்டியோட கண்ணுக்கா. முன்னாடி சுவரு இருக்கா, ஆள் இருக்கான்னு பார்க்கிற சென்சர். ஆறு கண்ணுலயும் சந்தனத்தை அப்பிட்டீங்க. அது என்ன பண்ணும், சுவத்துல மோதப் போறோம்னு கத்துது."

ஈரத் துணியால் ஆறையும் துடைத்தார். கார் அமைதியானது. நாற்பது சிக்னலில் அழுத கார். நான் வசந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன், பிறகு சிட்னி வரைக்கும் அதற்கு விலை கொடுத்திருப்பேன்.

ஆனால் முன்மூடியைத் திறந்ததும் ஜாகிரின் சிரிப்பு நின்றது. இயந்திரத்தைக் குளிர வைக்கும் நீர் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியில் நீர் அடிமட்டத்தில் கிடந்தது. தொட்டியின் மூட்டில் மயிரிழை அளவு வெடிப்பு. "கூலன்ட் போயிட்டே இருக்கு. பழைய சொந்தக்காரர் ஒண்ணும் சொல்லலியா?"

நான் சிவபாலன் அண்ணைக்கு அழைத்தேன்.

"அண்ணை, கார் தண்ணி குடிக்குதாம்."

"ஓம் தம்பி, அதுக்குத்தானே ரெண்டு கான் ஏத்தி விட்டனான். இருநூறு கிலோமீற்றருக்கு ஒருக்கால் ஊத்த வேணும்."

"நீங்கள் சொல்லேல்லையே அண்ணை!"

"சொல்ல வெளிக்கிட்டனான். உங்களை நம்பித்தான் வந்தனாங்கள் எண்டு என்ர வாயை அடைச்சுப்போட்டியள். பிறகு நான் எப்பிடிச் சொல்லுறது? மேசையில சாப்பாடும் கிடக்குது."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் என் மேல்தான். காருக்கு வைத்த தண்ணீரை நாங்கள் குடித்துவிட்டுக் காரைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அல்பரியில் தொட்டி கிடைக்காது. ஜாகிர் வெடிப்பின் மேல் பசை பூசி, கூலன்ட் நிரப்பி, வேலைக்குத் தொண்ணூறு டொலர் வாங்கினார். போகுமுன் என்னை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி விளங்கப்படுத்தினார்.

"ஹைவேயில ஓடினா காத்து அடிக்கும், ஒண்ணும் ஆகாது. சிக்னல்ல நிக்க நிக்கத்தான் சூடு ஏறும். அதனால ஹைவேய விட்டு இறங்காதீங்க. சூடு காட்டுற முள்ளு நடுவுல இருக்கணும். தாண்டுச்சுன்னா ஓரமா நிறுத்தி ஆற விட்டு, அப்புறம் மூடியத் திறங்க. ஓடியே ஆகணும்னா ஹீட்டரை ஃபுல்லா வைங்க. இன்ஜின் சூட்டை அது உள்ள இழுத்துக்கும். நீங்க வெந்திருவீங்க, இன்ஜின் பிழைச்சிரும்."

காலை 10.30 முதல் மாலை 5.15 வரை

அல்பரியிலிருந்து சிட்னியின் மேற்கே கிரவீனில் எங்கள் வீட்டு வாசல் ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர் சொச்சம். வழியில் ஹோல்புரூக் என்னும் ஊர். கடல் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், ஆனால் ஊருக்கு நடுவே புல்லில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. கண்டகாயில் நிறுத்தி ஆற விட்டு நாலு லீற்றர் ஊற்றினோம். கோல்பேணில் மிச்சம் இருந்த ஐந்து லீற்றரையும் ஊற்றினோம். பசை நிற்கவில்லை என்று அப்போதே விளங்கியது. வசந்தி இப்போது முள்ளைப் பார்க்கும் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டாள். "நடுவில", "நடுவில" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறிவிப்பு வந்தது. சந்தனக் கதை பற்றி இருவரும் பேசவில்லை.

சிட்னியின் தென்மேற்கில் லிவர்பூல் நெருங்கும்போது ஐந்தேகால். வெளியே நாற்பத்தொரு பாகை. நேரே போய் மோட்டர்வேயில் சுற்றினால் அரை மணித்தியாலத்தில் கிரவீன். நான் பழைய ஹியூம் வீதிக்குத் திருப்பினேன்.

"எங்க போறியள்? அந்தத் தம்பி இறங்க வேண்டாமெண்டெல்லே சொன்னவர்?"

"ஒரு பத்து நிமிஷம்" என்றேன். அறிவு வேண்டாம் என்றது. கை திருப்பிவிட்டது.

மாலை 5.40, வில்லாவுட்

சிக்னல், அதற்கு அடுத்தாற்போல் சிக்னல். முள் நடுவைத் தாண்டியது. வசந்தி அறிவிப்பை நிறுத்தினாள். முகாமுக்குப் போகும் தெருவுக்கு எட்டாமலே ஒரு பக்கத் தெருவில் மரநிழலில் நிறுத்தினேன். முன்மூடிக்கடியில் கொதிக்கும் சத்தம். கோல்பேணில் நிரப்ப மறந்த கலன்கள் இரண்டும் காலி. வீட்டுக்கு இன்னும் பதின்மூன்று கிலோமீற்றர்.

எண்ணூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் வந்துவிட்டு இங்கே தோற்றேன். அதுவும் என் கைத்திருப்பத்தால். வெட்கமாக இருந்தது.

"லொறிக்கு அடியும்" என்றேன். "சத்தியம் சத்தியம்தான்."

வசந்தி தொலைபேசியை எடுக்கவில்லை. "ஏன் இதால வந்தனீங்கள்?"

"அண்டைக்கு அங்கிள் என்னைக் கூட்டிக்கொண்டு போன பாதை இது. ஒருக்கால் உம்மை ஏத்திக்கொண்டு இதால போகவேணும் எண்டு நினைச்சன்."

"அது எனக்குத் தெரியாதே?"

"கூட்டிக்கொண்டு போனது தெரியும். மற்றது நான் சொல்லேல்லை." அவளிடமும் யாரிடமும் நான் சொல்லாத அந்தப் பகுதியை இப்போது சொன்னேன். அன்றும் இப்படித்தான் வெயில். என் முதுகெல்லாம் வேர்வை. கையில் உடுப்புப் பை. அங்கிளின் காரில் வெள்ளைத் தோல் இருக்கை. எங்கட சனம் இருக்கும் பெண்டில்ஹில் வரும்வரை நான் சாயவில்லை. நுனியில் நிமிர்ந்து குந்தியிருந்தேன். சேர்ட் ஈரம் பட்டால் அவர் காரில் கறை பிடித்துவிடும், பிறகு நம்மவர்களை ஏற்றவே யோசிப்பார் என்று பயம். "வடிவாச் சாய்ஞ்சு இரும் தம்பி" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். என்னால் முடியவில்லை.

வசந்தி கேட்டுக்கொண்டு இருந்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, பின்பெட்டியிலிருந்து கலன்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எங்கே என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு தெருமுனையில் தெரிந்தாள். கலன் நிறைந்திருந்தது. பெற்றோல் நிலையம் வரை அந்த வெயிலில் நடந்திருக்கிறாள். முகம் கறுத்துப் போயிருந்தது.

"ஆறிட்டுதே? ஊத்துங்கோ."

துணியைச் சுற்றி மூடியை மெல்லத் திறந்து ஊற்றினேன். முடுக்கினேன். முள் நடுவுக்குச் சற்று மேலே நின்றது. வசந்தி என்னை முந்திக் கையை நீட்டி, ஹீட்டர் குமிழைக் கடைசி வரை திருப்பினாள். காற்றையும் முழு வேகத்தில் வைத்தாள். நாற்பத்தொரு பாகை வெயிலில் எங்கள் முகத்தில் அடுப்பு வாய் திறந்தது.

அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். இனி அது ஏறாது என்று அவளுக்குத் தெரியும்.

வுட்வில் வீதி, கிரான்வில், மெரிலாண்ட்ஸ். ஒவ்வொரு சிக்னலிலும் முள் ஏறியது, ஒவ்வொரு பச்சையிலும் இறங்கியது. பக்கத்துக் கார்க்காரர்கள் குளிர்க்காற்றில் இருந்துகொண்டு எங்களைப் பார்த்தார்கள். வசந்தியின் நெற்றியிலிருந்து குங்குமம் கரைந்து மூக்கில் ஓடியது. அவள் துடைக்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்டில்ஹில் தாண்டும்போது என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் நுனியில குந்திக்கொண்டு இருக்கிறியள்?"

நான் கவனிக்கவே இல்லை. சேர்ட் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நான் இருக்கையைத் தொடாமல் நிமிர்ந்து குந்தியிருந்தேன்.

"சாய்ஞ்சு இருங்கோ" என்றாள் வசந்தி. "எங்கட கார்தானே."

நேற்றுக் காலை முதல் அவள் வாயில் அது 'உங்கட கார்' ஆகத்தான் இருந்தது. நான் சாய்ந்தேன். தோல் சுட்டது.

6.55க்கு எங்கள் வாசலில் கார் தன் நாலு சில்லில் நின்றது. இறங்கிப் பார்த்தபோது இருக்கையில் என் முதுகின் ஈரம் அப்படியே பதிந்திருந்தது. துணி எடுத்துத் துடைக்கக் குனிந்தேன்.

"விடுங்கோ, அது காயும்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக் கதவைத் திறக்கப் பைக்குள் திறப்பைத் தேடத் தொடங்கினாள்.